கொல்லைக்காரன் படம்

எண்பதுகளின் நடுவில், பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் கரும்பு பயிரிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கரும்புக் கட்டு ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்ததில் என் கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சில மாதங்களில் எலும்பு கூடிவிட்டது. இனி எழுந்து உட்கார்ந்து பழகாவிட்டால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். இவரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். தலையைத் தூக்கவே பயம். பேசினால் எரிந்து விழுவார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

கல்யாணமான புதிதில் இவர் வாய் ஓயாமல் சொன்னது ஒரு இங்கிலீஷ் படத்தைப் பற்றி. கப்பலுக்குக் கப்பல் தாவிக் கத்திச்சண்டை போடும் கடல் கொள்ளைக்காரன் கதை. பாண்டிச்சேரி டவுனுக்கு சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தாராம். தோசைத் திருப்பியைக் கத்தியாக வீசிக் காட்டுவார். அந்த மனிதர் எனக்குத் திரும்ப வேண்டும். கேசட் போட்டுப் படம் பார்க்கிற வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, அந்தப் படத்தை வீட்டிலேயே போடுவது என்று முடிவு செய்தேன். "படுத்துக் கெடக்கறவனுக்கு சினிமா ஒரு கேடா?" என்றார் மாமியார். சொல்லிக்கொள்ளட்டும், நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தவளக்குப்பத்தில் டெக், டிவி வாடகைக்கு விடும் கடையில் ஞாயிற்றுக்கிழமை பகல்தான் கிடைத்தது. பகல் என்றால் ஒரு சிக்கல். எங்கள் கரண்டு லைனிலேயே பங்காளி ஒருவரின் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் இருந்தது. அது ஓடினால் எங்கள் வீட்டு பல்பு மின்மினிப் பூச்சிதான். அவருக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறில் நெடுநாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் அவர் மோட்டார் கொட்டகைக்கே போனேன்.

"மாமா, ஞாயித்துக்கெழம மத்தியானம் கொஞ்ச நேரம் மோட்டார நிறுத்தணும். அவருக்காக வூட்டுல படம் போடறோம்."

"இன்னா படம்?"

"கொல்லக்காரன் படம், மாமா."

எங்கள் பக்கத்தில் 'ள'வும் 'ல'வும் வாயில் ஒன்றுதான். கொல்லை என்றால் பயிர் வைக்கிற நிலம். நான் சொன்ன கொள்ளைக்காரன், அவர் காதில் நிலத்துக்காரனாக விழுந்திருக்கிறான்; வரப்புக்குச் சண்டை போடும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது உறைக்கவில்லை. அவர் முகம் மட்டும் கறுத்தது. "கொட்டாய் தேடி வந்து குத்திக் காட்டறியா? மோட்டாரு நிக்காது, போ!" என்றார்.

ஞாயிறன்று டிவியும் டெக்கும் கடைக்காரரோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கின. தெரு ஜனம் மொத்தமும் அறைக்குள். ஓட ஆரம்பித்ததுமே திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கியது, சத்தம் இழுத்து இழுத்து முனகியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"வோல்டேஜ் பத்தல. டெக்கு போயிடும்மா, நான் கெளம்பறேன்" என்று டெக் கடைக்காரர் ஒயரைச் சுருட்டப் போனார். நான் வாசற்படியை மறித்து நின்றேன். "கொஞ்சம் பொறுங்கண்ணே. பொருள் இங்கதான் இருக்கும்."

"வுட்டுடு" என்றார் என் கணவர், சுவரைப் பார்த்தபடியே.

"வுட மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பல்பு பளிச்சென்றது. திரை நிறையக் கப்பல், பாய்மரம், கடல். விசில் பறந்தது. என்ன நடந்தது என்று நான் யோசிப்பதற்குள் அந்தப் பங்காளியே சேற்றுக்காலோடு வாசலில் வந்து நின்றார். தன்னைக் கேலி செய்து படம் காட்டுகிறோமா என்று பார்க்க வந்திருக்கிறார். மோட்டாரை ஓடவிட்டு வந்தால் வாய்க்கால் உடைத்துக்கொள்ளும் என்று நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்!

திரையை உற்று உற்றுப் பார்த்தார். "இன்னாடா இது, ஒரே தண்ணியா இருக்குது? கொல்ல எங்க? கொல்லக்காரன் எங்க?"

எனக்குப் புரிவதற்கு முன்னால் என் கணவருக்குப் புரிந்துவிட்டது. வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அண்ணே, இவன் கொள்ளையடிக்கிறவண்ணே! நம்ம கொல்லக்காரன் இல்ல!" அறையே அதிர்ந்தது. பங்காளிப் பெரியவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டது. "அட போடா" என்று வெட்கத்தோடு திரும்பப் போனார்.

"எங்க போற? வந்து குந்து அண்ணே" என்றார் இவர்.

உட்கார அறையில் இடமே இல்லை. இவர் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தன்னை இழுத்து, சுவரில் முதுகு சாய்த்து எழுந்து உட்கார்ந்தார். காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார். நான் தொட்டுத் தூக்கப் போகவில்லை. தொட்டால் பயம் திரும்ப வந்துவிடுமோ என்று ஒதுங்கி நின்றேன். பெரியவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். "வெட்றா! வுடாத!" என்று இரண்டு பேரும் கடைசிவரை கத்தினார்கள்.

வரப்புத் தகராறு தீர இன்னும் எத்தனையோ பஞ்சாயத்து தேவைப்பட்டது. என் கணவர் மட்டும் மறுநாளும் உட்கார்ந்தார், பிறகு கோலூன்றி நடந்தார். அவரை எழுப்பியது என் திட்டம் இல்லை, தப்பாகக் காதில் விழுந்த ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல் வந்து சேரும்வரை வாசற்படியை விட்டு நான் நகரவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.