நீல டீசர்ட்டில் ஒரு புள்ளி

என் கொழுந்தனார் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். "இதுல ஒண்ணுமே இல்லீங்க அண்ணி, அமுக்குனாப் போதும்" என்று தன் முதல் கேமராவைப் பையோடு கொடுத்துவிட்டு, மடத்துக்குளத்துக்கு முகூர்த்தத்துக்குப் போய்விட்டார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

ஒன்றுமே இல்லையாம்! உடம்பு தனி, லென்ஸ் தனி. தலையில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் படம் படமாக அடையாளங்கள்.

அதுவரை மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்த எங்கள் சின்ன பனியன் யூனிட்டுக்கு நேரடியாக வரவிருந்த முதல் ஆர்டர் அது. வெளிர்நீலத்தில் குழந்தை டீசர்ட். வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸில் கொடுத்த துணியில் ஒரே ஒரு சாம்பிள்தான் தேறியது. "போன் படத்தில் நிறம் மாறுது. நல்ல கேமராவில் எடுத்து சாயங்காலத்துக்குள் அனுப்புங்க, இல்லைன்னா வேற யூனிட்டுக்குப் போயிடும்" என்று பையிங் ஆபீஸ் அம்மா சொல்லியிருந்தார்.

பஞ்சு பறக்கும் கட்டிங் டேபிள் மேலேயே கேமராவை வைத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே சின்னதாக ஒரு கண்ணாடி. வெள்ளைப் புள்ளிக்கு வெள்ளைப் புள்ளி வைத்துத் திருகியதும் லென்ஸ் 'டக்' என்று உட்கார்ந்தது. பின்னாலிருந்த திரையோ இருட்டாகவே இருந்தது. மேலே இருந்த சின்ன சன்னலில் கண்ணை வைத்த பிறகுதான் டேபிளில் விரித்திருந்த டீசர்ட் தெரிந்தது. தெரியாமல் விரல் பட்டு ஒரு 'க்ளிக்' சத்தம் வேறு. அப்போதுதான் கவனித்தேன், நெஞ்சு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

"ஏனுங்க, பீஸுல கறைங்க!"

வீட்டுக்காரரும் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஆமா புள்ள, எண்ணெய்க் கறை."

கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் பனியன் ஊரில் கறை என்று காதில் விழுந்தால் கை தானாகக் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைத் தேடும். அடித்தேன், அயர்ன் போட்டேன். கேமரா சன்னலில் புள்ளி அப்படியே இருந்தது. இன்னும் அடித்தேன்.

சலித்துப்போய் கேமராவோடு அவர் பக்கம் திரும்பினேன். புள்ளி அவர் நெற்றியில் இருந்தது. சுவரைப் பார்த்தால் சுவரில். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. லென்ஸ் மாட்டும்போது கேமராவுக்குள் ஏதோ பஞ்சு போய் உட்கார்ந்திருக்கிறது. டீசர்ட்டிலோ நான் ஸ்ப்ரே அடித்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது.

ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால் தெரியாமல் விழுந்த அந்த க்ளிக் ஞாபகம் வந்தது. பக்கவாட்டு ரப்பர் மூடியைத் தூக்கினால் மூன்று ஓட்டைகள். போன் சார்ஜர் ஒயர் எதிலும் போகவில்லை. அடியில் திறந்தால் பேட்டரியும் கார்டும் ஒரே அறையில் இருந்தன. பயந்து மூடிவிட்டேன். பையின் அடியில் கிடந்த ஒயரைக் கடைசி ஓட்டை ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரில் அந்தப் படம் வந்தது: வெளிர்நீல டீசர்ட், புள்ளியும் இல்லை, வளையமும் இல்லை. பஞ்சு சன்னலில் மட்டும்தான் தெரியுமாம், படத்தில் விழாதாம்; கொழுந்தனார் மறுநாள் சொன்னது. யாருக்குத் தெரியும்! உடனே அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டார்.

"படம் சூப்பருங்க. நிறம் கரெக்டா இருக்கு. படத்துல இருக்கற அதே பீஸை இப்பவே கூரியர்ல போட்டுவிடுங்க. நேர்ல பார்த்துட்டு ஆர்டர் போட்டுடலாம்."

சரிங்க என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் டேபிளைப் பார்த்தேன். அதே பீஸ் இப்போது கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.