எந்தத் தெரு என்ற கட்டம்

மண்டப முதலாளி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "இன்னாப்பா இது, உள்ள வர்றான், ஒடனே ஓடிப்பூடறான்?" உத்திரமேரூரை ஒட்டிய அவருடைய கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். இணையதளம் தொடங்கியது என் யோசனை. தளத்துக்குள் வருகிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது கணினியில் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் நேரம்கூட யாரும் இருந்ததில்லை. ஆவணி முகூர்த்தங்கள் நிரம்பாவிட்டால் மண்டபத்தை நெல் குடோனுக்கு விட்டுவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். சமையல்காரர், கூட்டுகிற அம்மா, நான், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நானும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தளத்தைத் திறந்ததும் அலறிய நாதஸ்வரத்தை நிறுத்தினேன். படங்கள் வர நேரமாகிறதோ என்று பாதியை எடுத்தேன். கழுத்தில் மாலையோடு முதலாளி நிற்கும் படத்தைக் கீழே தள்ளியதற்குச் சில நாள் அவர் என்னோடு பேசவில்லை. அப்படியும் ஓடினார்கள். வாடகையையும் காலித் தேதிகளையும் பார்க்க முதலில் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். அது அவர் வைக்கச் சொன்னது. கட்டங்கள் அதிகம், குறைக்கலாம் என்று கெஞ்சினேன். வருகிறவனை யார் என்று கேட்பதுதான் மரியாதை என்றார்.

எங்கள் மேடைக்குப் பூ அலங்காரம் செய்யும் சாலவாக்கத்துப் பெண், தன் தங்கை கல்யாணத்தைக் காஞ்சிபுரத்தில் வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னாள். எனக்கு எரிச்சல். நம் மண்டபம் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு, தளத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "பாத்தேண்ணா. ஊரு கேட்டுச்சு, போட்டேன். அடுத்து எந்தத் தெருன்னு கேட்டுச்சு. அத இன்னாத்துக்குக் கேக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? மூடிட்டேன்." என் தெருவின் பெயரைச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை. மாதக்கணக்கில் நாதஸ்வரத்தோடு மல்லுக்கட்டிய என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்றே முதலாளியிடம் போய் அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்றேன். காரணத்தைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எடுத்துட்டா யாரு வர்றாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றார். அவருக்குக் கூட்டமும் வேண்டும், அதில் பொறுக்கி எடுக்கவும் வேண்டும். நான் கத்தினேன், அவர் காபி குடித்தார்.

இப்போது வேறு வேலைக்குப் பேருந்தில் போகும்போது அந்த வழியாகத்தான் போகிறேன். மண்டப வாசலில் லாரி நிற்கிறது. மணமேடைவரை நெல் மூட்டை. எந்தத் தெருக்காரர் நெல் என்று அவர் கேட்பதில்லையாம்.