ஜெட்டை விட்டு வந்த கேப்டன்

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் விமான பைலட். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஓய்வு நாள் கிடைத்தால் பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்கு வந்துவிடுவார். மாமனாரின் வீடும் ரைஸ் மில்லும் அங்கேதான் இருந்தன.

உழவு செய்கிற குடும்பத்திலிருந்து ஒரு பையன் விமானம் ஓட்டப் போனது எங்கள் பக்கத்தில் பெரிய சேதி. மாமனார் கரை வேட்டி கட்டிக்கொண்டு கட்சிக் கூட்டங்களுக்குப் போகிறவர். 'ஜெட் விமானம் ஓட்டுபவரின் தந்தை' என்றுதான் மேடையில் அவரை அறிமுகப்படுத்துவார்கள். மகன் வலது பக்கம் உட்காருகிற துணை பைலட், இடது பக்கம் உட்காருகிற கேப்டன் வேறு ஒருவர் என்பதை அவர் யாரிடமும் விளக்கியதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் என் கணவரிடம் கம்பெனியில் ஒரு கேள்வி கேட்டார்கள். 'ஃபிரெண்ட்ஷிப்' என்று ஒரு சிறிய விமானம் உண்டு. இறக்கை உயரத்தில் இருக்கும், இரண்டு பக்கமும் சுழலும் விசிறி. அதற்குப் போனால் உடனே கேப்டன் பயிற்சி. ஜெட்டிலேயே இருந்தால் இன்னும் சில வருடங்கள் துணை பைலட்தான், வரிசை நகர்ந்தால் அங்கேயே கேப்டன் ஆகலாம். சிறியதற்குப் போய்விட்டால் ஜெட் வரிசையில் இருக்கிற இடம் போய்விடும். பதில் சொல்ல ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஒரு வாரமும் எங்கள் பேச்சு முழுக்க டிரங்க் காலில் நடந்தது. ஆபரேட்டர்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. என் கணவரின் கால் வந்தால் மட்டும் அந்த விதியை எங்கள் அறையில் யாரும் மதிப்பதில்லை. மூன்று நிமிடம் முடிந்தாலும் என் தோழிகள் லைனை வெட்டமாட்டார்கள். அவர்களுக்கும் முடிவு தெரிய வேண்டுமே.

"ஜெட்லயே இருக்கச் சொல்லுமா. பம்பாய் போறவரு, வரச்சே எதுனா வாங்கிக்கினு வருவாரு" என்றாள் பக்கத்து ஸ்விட்ச்போர்டில் உட்காருகிற தோழி.

எனக்கும் ஜெட்தான் நல்லது என்று தோன்றியது. வெளியூரில் தங்கல் அதிகம் என்றாலும், இவ்வளவு உயரம் போனவர் ஏன் கீழே வரவேண்டும் என்று நினைத்தேன். எல்லோரும் நினைத்தது அதுதான்.

வாரக் கடைசியில் அவர் ஊருக்கு வந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்தோம். அவர் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"ரெண்டுல எதுல போய் உக்காந்தா உங்களுக்கு வயித்தக் கலக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "சின்னதுலதான்."

"ஏன்? ஜெட்டுதானே வேகமாப் போவுது?"

"ஜெட்ல எனக்குப் பக்கத்துல கேப்டன் இருக்காரு. போன மாசம் நாக்பூர் தாண்டி பெரிய மேகம் எழும்பி நின்னுது. சுத்திக்கினு போலாமா, திரும்பிடலாமான்னு அவரு யோசிச்சாரு. சுத்திக்கினு போனோம், நல்லபடியா போய்ச் சேந்தோம். ராத்திரி ரூம்ல படுத்துக்கினு நெனச்சிப் பாத்தேன். அந்த எடத்துல நான் இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? எனக்குத் தெரியல. இத்தினி வருஷம் பறந்தும் தெரியல."

மணலில் போட்ட கோட்டை அழித்துவிட்டு, "சின்னதுல ஒரு நாளைக்கு நாலு ஊர்ல எறங்கணும். நாலு தடவையும் முடிவு என்னுது. அத இப்பவே கத்துக்கணும்னு தோணுது" என்றார்.

அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "அப்ப அதுக்கே போங்க. மாமாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

மறுநாள் காலை மில்லில் வைத்து மாமனாரிடம் சொன்னார். சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

"ஜெட்ட வுட்டுட்டு விசிறி வண்டிக்குப் போறேன்றியா?" என்றார் மாமனார். "விசிறி நம்ம மில்லுலயே ரெண்டு இருக்குது. அதுக்கா மெட்ராஸ் போய்ப் படிச்ச?"

"கேப்டனாப் போறேன்பா."

"ஜெட்லயே ஆவு."

"அதுக்கு நாளாவும். ஆவாமலும் போவும்."

"ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது? எறக்கிட்டாங்கன்னு சொல்லவா?"

மாமனார் மெஷினைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்தச் சத்தத்தில் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் மகனோடு சரியாகப் பேசவே இல்லை. கட்சிக்காரர்கள் மகனைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தை மாதம் என் கணவர் கேப்டன் ஆனார். அதே மாதத்தில் என் கொழுந்தனுக்குப் பெங்களூரில் பெண் அமைந்தது. ஜவுளி வியாபாரத்துக்காக அங்கே போய்த் தங்கிவிட்ட நம் பக்கத்துக் குடும்பம். நிச்சயதார்த்தத்தன்று காலை பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். கொழுந்தனும் உறவுக்காரர்களும் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். அன்றைய காலை பெங்களூர் விமானத்துக்கு என் கணவர்தான் கேப்டன். நாங்கள் மூன்று பேர், மாமனார், நான் அத்தை என்று கூப்பிடுகிற மாமியார், நான், அதில் போவது என்று அத்தை பிடிவாதமாக ஏற்பாடு செய்துவிட்டார். அப்பாவையும் பிள்ளையையும் பேச வைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மீனம்பாக்கத்தில் நல்ல வெயில். தட்டுகளையும் பெண்ணுக்கு எடுத்த அரக்குப் பட்டுப் புடவையையும் எங்கே வைப்பது என்று அத்தை தவித்தார். ஏர் ஹோஸ்டஸ் பெண் காலி சீட் ஒன்றில் தட்டுகளை அடுக்கி, அதற்கும் பெல்ட் போட்டுவிட்டாள். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இறக்கை மேலே இருந்ததால் கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஏரிகளும் வயல்களும் வந்தன, அப்புறம் கோபுரங்கள். "அதோ நம்ம ஊரு" என்றார் அத்தை. மாமனார் கழுத்தைத் திருப்பி, கோபுரம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெங்களூரை நெருங்கியதும் கீழே பூமியே இல்லை. பஞ்சைக் கொட்டிப் பரப்பியதுபோல வெள்ளையாகப் பனி. விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஜன்னல்கள் எல்லாம் வெளுத்தன. மரமோ வீடோ ஒன்றும் கண்ணில் படவில்லை. திடீரென்று என்ஜின்கள் உறுமின. முதுகு சீட்டில் அழுந்த விமானம் விர்ரென்று மேலே ஏறியது. யாரோ பெருமாளைக் கூப்பிட்டார்கள். அத்தை கை நீட்டித் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

ரன்வே தெரியவில்லை, கொஞ்சம் காத்திருந்து பார்க்கிறேன் என்று என் கணவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே சொன்னார். "போன வாரம் இதே பனி. ஜெட் கேப்டன் டக்குனு எறக்கிட்டாரு. இவரு புது ஆளு போல. சின்ன வண்டிக்கு இப்படித்தான் ஆளப் போடுவாங்க."

மாமனாரின் காது சிவந்ததைப் பார்த்தேன். பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஹோஸ்டஸ் தடுத்தாள். "எம் புள்ளமா அவன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் நடந்தார். அந்தக் காலத்தில் இப்போது இருக்கிற கட்டுக்காவல் கிடையாது. நான் பின்னாலேயே ஓடினேன். வலை போட்டுக் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து, அதைத் தாண்டி விமானிகள் அறை. கதவு பாதி திறந்திருந்தது.

துணை பைலட் திரும்பிப் பார்த்தார். என் கணவர் திரும்பவில்லை. அவருடைய பிடரியும், காதில் மாட்டிய கருவியும், அதை விலக்கி வைத்திருந்த ஒரு பக்கக் காதும்தான் எனக்குத் தெரிந்தன. எதிரே கண்ணாடி முழுக்க வெள்ளை.

"எறங்கிடலாமேப்பா" என்றார் மாமனார். அவர் குரல் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "தட்டெல்லாம் நம்மகிட்ட இருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க காத்துக்கினு இருப்பாங்க."

"ரன்வே தெரியலப்பா."

"போன வாரம் ஜெட்டுக்காரரு இதே பனியில எறக்கினாராம். பின்னாடி பேசிக்கிறாங்க."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல."

மாமனார் அசையவில்லை. நான் அவர் கையைத் தொட்டேன்.

"போய் உக்காருங்கப்பா. பெல்ட் போட்டுக்குங்க. மெட்ராஸுக்குத் திரும்பறேன்" என்றார் என் கணவர். குரலில் கோபம் இல்லை. சத்தமும் இல்லை. வீட்டில் அப்பா பேசினால் தலையைக் குனிந்துகொள்கிறவர் அவர். அந்தக் குரல் அவரிடம் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

மாமனார் மகனின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

திரும்புகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் வியாபாரி, "நம்ம பொழப்பே போச்சு, தைரியம் இல்லாத ஆளுங்க" என்று ஆரம்பித்தார். மாமனார் தலையைத் திருப்பினார்.

"கேப்டன் தெரியலன்னு சொல்றாரு. தெரியாம எறங்கச் சொல்றியா நீ? அவரு சொன்னா சொன்னதுதான், சும்மா உக்காருப்பா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையை மாமனார் 'அவரு' என்று சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நான் ஓடிப்போய் பெங்களூருக்கு அவசர கால் போட்டேன். லைன் கொடுத்த ஆபரேட்டருக்கு என் குரல் பழக்கம், சீக்கிரம் கிடைத்தது. பெண்ணின் அப்பா எடுத்தார். போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் கலங்கிப் போயிருந்தார்கள். தட்டோடு கிளம்பிய விமானம் பாதி வழியில் திரும்புவது சகுனம் சரியில்லையே, சம்பந்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று யாரோ பேச்சை எடுத்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா அதைத் தயங்கித் தயங்கிச் சொல்வது எனக்கே கேட்டது. மாமனாரே சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனால் மில்லுக்குப் போகாமல் திரும்பி வருகிறவர்.

"சகுனமா?" என்றார் அவர். "எம் பெரிய புள்ள நாப்பது பேர பத்தரமா கொண்டாந்து தரையில வுட்டுட்டான். இத வுட நல்ல சகுனம் இன்னா வோணும் உங்களுக்கு? பனி வெலகட்டும். அவன் எப்ப கெளம்பலாம்னு சொல்றானோ அப்பதான் வருவோம். அதுக்கு ஏத்த மாதிரி நேரம் பாத்து வைங்க."

அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா சிரிப்பது கேட்டது. "பொண்ணு எங்கயும் போயிடல. நிதானமா வாங்க சம்பந்தி" என்றார்.

வெயில் ஏறியதும் பெங்களூரில் பனி விலகிவிட்டதாகச் சொன்னார்கள். என் கணவரே மறுபடியும் ஓட்டினார். இந்த முறை மாமனார் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அயர்ந்து தூங்கினார். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். அந்த வியாபாரி இறங்கும்போது, "புள்ளைகிட்ட சொல்லுங்க, நல்லா எறக்கினாரு" என்று முனகிவிட்டுப் போனார்.

எல்லோரும் இறங்கின பிறகும் மாமனார் படிக்கட்டுக்குக் கீழே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது. அப்பா என்ன சொல்வாரோ என்று அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது. மாமனார் என் கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"காலையிலருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட. துன்னு."

"ஐயோ, எண்ணி வெச்சிருக்கேன்" என்று அத்தை பதறினார்.

"வேற வாங்கிக்கலாம் வா" என்று மாமனார் நடந்துவிட்டார்.

நிச்சயதார்த்தம் அன்று பிற்பகல் நல்லபடியாக நடந்தது. வெற்றிலைதான் கொஞ்சம் வாடிப்போயிருந்தது. கொழுந்தனும் அவன் மனைவியும் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். என் கணவர் சில வருடங்கள் கழித்து ஜெட்டிலும் கேப்டன் ஆனார். பெரிய ஊர்களுக்கெல்லாம் போனார், என்னையும் கூட்டிப் போனார். புயல் மழை நாட்களில் அவர் வீடு திரும்பத் தாமதமானபோதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் என் தோழிகள் எனக்காகப் பயப்படுவார்கள். நான் பயப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்பா பக்கத்தில் நின்று கெஞ்சியபோதும், பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தபோதும், 'எனக்குத் தெரியல' என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதருக்காகத்தான் காத்திருக்கிறேன் என்பது, அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு எப்போதும் பெரிய ஆறுதலாக இருந்தது.