தம்பியின் கண்ணில் விழுந்த வளையம்

சிலந்திக்கென்று வாங்கிய ரிங் ஃபிளாஷை என் தம்பியின் முகத்துக்கு நேரே அடித்தது நான்தான். லென்ஸின் வாயைச் சுற்றி வளையல்போல மாட்டிக்கொள்ளும் விளக்கு அது. நிழலே விழாது. சாரல் நேரத்தில் பழைய குற்றாலத்துப் பாதையோரம் குத்தவைத்து, இலைக்கு அடியில் இருப்பதைப் படமெடுக்க எனக்கு அதை விட்டால் கதியில்லை.

"முகம் பளிச்சுன்னு விழணும்க்கா" என்று தம்பி கெஞ்சினான். ஆய்க்குடி முருகன் கோயிலில் அச்சன்புதூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பயல் தோசைக்குத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஜாதகம் பொருந்திவிட்டது; அவர்கள் கேட்டது ஒரு நல்ல போட்டோ மட்டும்தான்.

எடுத்தேன். அடடா, என்ன முகம்! லென்ஸை நேராகப் பார்த்தால் கருவிழிக்கு நட்டநடுவில் ஒரு வெள்ளை வளையம் விழும். இந்த விளக்கின் அழகே அதுதான். பெருமை தாங்காமல் உடனே தரகருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

மறுநாள் தரகர் அண்ணாச்சி போன் செய்தார். "பொண்ணு வீட்டுல யோசிக்காவம்மா. பையன் ரெண்டு கண்ணுலயும் வெள்ளையா வட்டம் தெரியுதாம். புரை எடுத்து லென்ஸ் வச்சிருக்கானான்னு கேக்காவ."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் உன்னாலதாம்க்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

"ஏலே, எந்தி. சட்டையை மாட்டு."

கேமராவையும் அவனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அச்சன்புதூரில் போய் இறங்கினேன். சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் எந்த வீடுதான் பதறாது? பெண்ணின் அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே அவன் கண்ணைத்தான் உற்றுப் பார்த்தார்.

"அத்தை, அது நோயில்ல, விளக்கு. இங்கன உக்காருங்க, உங்க கண்ணுலயும் விழ வைக்கேன்" என்று பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. திரும்பவும் அழுத்தினேன். ஊஹூம். பேட்டரி முழுவதையும் காலையில் ஒரு தவளைக்குச் செலவழித்துவிட்டேன்! அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "சரிம்மா, காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார் பெண்ணின் அப்பா. தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து என் கையில் பேட்டரிகளைக் கொட்டினாள். வீட்டிலிருந்த கடிகாரம், டார்ச் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறாள்.

"இந்தாங்க மதினி."

மதினியா! புருஷனின் அக்காவையல்லவா அப்படிக் கூப்பிடுவார்கள்; இன்னும் வெற்றிலைபாக்கே மாற்றவில்லை. எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"ஏட்டி, மணி பாக்கணும்லா, ராகுகாலம் வருது" என்றார் அப்பா, நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி. செல்போன் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"நிக்கட்டும்ப்பா" என்றாள்.

பழைய பேட்டரி; விளக்கில் சார்ஜ் சிணுங்கிச் சிணுங்கித்தான் ஏறியது. ஆனாலும் எரிந்தது. முதலில் அத்தை, அப்புறம் மாமா. திரையில் தன் கண்ணைப் பார்த்த மாமா, "ஏ, எனக்கும் வட்டமா விழுந்திருக்கு!" என்று கூவினார். அத்தை ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்தம்மா கண்ணிலும் வளையம். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்ததில் கேமரா ஆடியது.

கடைசியாகப் பெண்ணை உட்காரவைத்து எடுத்தேன். திரையைப் பார்த்த அத்தையின் சிரிப்பு நின்றது.

"எம்மா, எல்லாருக்கும் நடுவுல விழுந்துச்சு. இவளுக்கு மட்டும் ஓரமா விழுந்திருக்கே, கண்ணுல எதும் கோளாறா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால், கதவோரமாகத் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"கோளாறு ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். "அவ லென்ஸைப் பாக்கல."