போ என்றால் போகாதவள்

தேயிலைக் கொழுந்து லாரி டிரைவர்தான் செய்தி கொண்டுவந்தார். “பெரியம்மா, சின்னக்கானல் செல்லத்தாய் போயிட்டாங்க” என்றார். “எங்க போனா?” என்று கேட்டேன். போ என்றவுடன் போகிறவளா அவள்? உங்களுக்குத் தெரியாததா? எனக்கு இளையவள், எனக்கு முன்னால் போய்விட்டாள். அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவளை முதலில் பார்த்தது எஸ்டேட் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில். என் பேரனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அவனைப் பெற்ற என் மகள் அடுத்த பிரசவம் முடிந்து லயத்து வீட்டில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் செல்லத்தாயின் மகள். இருட்டியதும் துணைக்கு இருப்பவர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது அங்கே சட்டம். மழைக்குளிரில் வராந்தாவில் நின்று, அழுவது யார் பிள்ளை என்று கதவில் காதை வைத்துக் கேட்போம்.

செல்லத்தாய் வந்த அன்று வெளியே போகவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக் கட்டிலுக்குக் கீழே விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த அழுக்குப் படங்கையும் எடுத்திட்டு வெளியில போ” என்று நர்ஸம்மா சீறினார்.

“இந்தப் படங்கக் கட்டிப் பறிச்ச கொழுந்துதான் நீங்க காலையில குடிச்ச சாயா. அது மட்டும் இனிச்சுதாக்கும்?”

கதவுக்கு வெளியே நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்த வேகத்தில் உள்ளேயும் வந்துவிட்டோம். அத்தனை பொம்பளைகளையும் இழுத்து வெளியே விட அங்கே யாருக்குத் தெம்பு இருந்தது?

மறுநாள் பேரன் கண்ணே திறக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லத்தாய் அவனை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். “வெந்நீர் அடுப்புக்கிட்டப் போயி அழுது தீத்துட்டு வாங்க பெரியம்மா. மூஞ்சியக் கழுவிட்டு வரணும். இல்லேன்னா நான்தான் உங்கள அடிச்சேன்னு இந்தப் பய முழிச்சதும் என்கிட்டச் சண்டைக்கு வருவான்.”

போய் அழுதேன். அதன்பிறகு அந்த வார்டில் அதுவே முறையாயிற்று. ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி அடுப்படியில் அழுதுவிட்டு, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வருவாள்.

அவள் மகளுக்குச் சுகமாகி, பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மகளை மாமியாரோடு ஜீப்பில் ஏற்றிவிட்டு, படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

“பேர் வெட்டியாச்சே, இனி உனக்கு இங்க என்ன ஜோலி?” என்று நர்ஸம்மா கேட்டார்.

“எம் பிள்ளைக்குச் சரியாயிட்டு. இந்தப் பெரியம்மாவுக்கு இன்னும் ஆகலியே.”

பேரன் எழுந்து கஞ்சி கேட்கும்வரை அவள் போகவில்லை.

அந்த நர்ஸம்மாவை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. செல்லத்தாய் நோயில் படுத்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லி அனுப்பாத அவள் புருஷனையும்தான். கட்டிலுக்குக் கீழே உட்கார எனக்கு இடமா இருந்திருக்காது?

அவளுடையது என்று என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்க்கிறேன். “ஏட்டி, பிள்ளைய இங்க கொண்டா. நீ போயி அழுதுட்டு வா” என்கிறேன்.

யாராவது என்னை வெளியே போகச் சொல்லிப் பார்க்கட்டும்.