ஆயாக் கொட்டகையில் படித்த பாஷை

ஈப்போவில் என் பேத்தி போகிற பாலர் பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மருமகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வயதுப் பிள்ளை. தமிழே இன்னும் அதன் வாயில் ஒழுங்காக உட்காரவில்லை. "பாட்டும் விளையாட்டும்தான் மாமா, பாடம் மாதிரியே இருக்காது" என்றாள் மருமகள். அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் டிரைவரை அனுப்பாமல் நானே பேத்தியை அழைத்துவரப் போனேன்.

பாய் விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சின்னப் பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை. கையில் துணிப் பொம்மையை மாட்டிக்கொண்டு எண்களைப் பாட்டாகப் பாடினாள். உனோ, தோஸ், த்ரெஸ் என்று பிள்ளைகள் பின்னால் பாடின. ஆறு வந்ததும் பாதிப் பேர் தடுமாறினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான் நிமிராமலே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். "சியெதே, ஓச்சோ, நுவேவே, தியெஸ்."

டீச்சர் பொம்மையோடு எழுந்து வந்தாள். "அங்கிள், ஸ்பானிஷ் எங்க படிச்சீங்க?"

"தோட்டத்துல. ஆயாக் கொட்டகையில."

"சும்மா விளையாடாதீங்க லா அங்கிள்."

நான் விளையாடவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் என்னைப் படிக்கவைக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவைக்கவில்லை. இன்றைக்கு ஈப்போப் பக்கம் புந்தோங்கில் போய் என் லாரி எது என்று கேட்டால் கைப்பிள்ளைகூடக் காட்டும். கண்டனீஸில் விலை பேசுவேன், மலாயில் அதிகாரிகளோடு வாதாடுவேன், இங்கிலீஷில் ஒரு வக்கீலையே வாயடைக்க வைத்திருக்கிறேன். ஆனால் தமிழுக்கு அடுத்ததாக நான் கற்ற பாஷை இவை எதுவுமில்லை. அது ஸ்பானிஷ். காலுக்குச் செருப்பு வருவதற்கு முன்பே எனக்கு அது வந்துவிட்டது. இதில் கொஞ்சமும் மிகை கிடையாது.

அப்போது நாங்கள் பத்து காஜா டவுனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே பாலுக்கு மரம் வெட்டப் போய்விடுவார்கள். பள்ளிக்கு வயது வராத பிள்ளைகளையெல்லாம் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள். ஆயா குண்டாக, சத்தமாக இருப்பாள். கைக்குழந்தைகளை ஆட்டவே அவளுக்கு நேரம் போதாது. எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகளைக் கத்தியே மேய்ப்பாள்.

ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே வந்தாள். ஆயா கையிலிருந்த பால் புட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். துரையம்மா. எங்கள் தோட்டத்துத் துரைக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். கொட்டகையைச் சோதிக்க வந்திருக்கிறாள் என்றுதான் ஆயா நினைத்தாள். அந்த அம்மாவோ தொப்பியைக் கழற்றித் தொட்டில் கயிற்றில் மாட்டிவிட்டு, எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக்காரர்களுக்கு முட்டி மடங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு பையோடு வந்தாள். அந்தப் பையில் என்ன இருக்கும் என்பதுதான் எங்களுக்கு ராத்திரியெல்லாம் யோசனை. ஒரு நாள் துரையின் காலுறையில் தைத்த சேவல் வந்தது. இன்னொரு நாள், ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள். உடைந்து கழித்த மங்குகளை எங்கிருந்தோ பொறுக்கி, கழுவி, வரிசையாக வைத்து, எங்கள் கையில் ரப்பர் கொட்டைகளைக் கொடுத்தாள். ஒவ்வொரு கொட்டையாக மங்கில் போடவேண்டும், போடும்போது அவள் சொல்லித்தந்தபடி எண்களைப் பாடவேண்டும். 'டிங்' என்று விழும் சத்தம்தான் தாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது மழை விளையாட்டு. தரையில் கரியால் பெரிய கட்டம் போடுவாள். அதுதான் வீடு. ஒருவன் வெளியே நிற்கவேண்டும், மற்றவர்கள் வீட்டுக்குள். அவள் பால் டின்னில் விரல்களால் மெதுவாகத் தட்ட ஆரம்பிப்பாள், அது மழை. தட்டு வேகமாக ஆக, உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவனைப் பார்த்து, "யூவியா! யூவியா! வென் அ லா கசா!" என்று கத்தவேண்டும். அவன் ஓடி வந்து கட்டத்துக்குள் விழவேண்டும். மழை, மழை, வீட்டுக்கு வா. அர்த்தம் யாரும் சொல்லித் தரவில்லை. மழையில் நிற்கிறவனைப் பார்த்து வேறு என்னதான் சொல்ல முடியும்?

பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கொட்டகையில் எனக்கு முன்னால் யாருடைய நாக்கும் நிற்காது. மற்ற பிள்ளைகள் ஒரு சொல் படிப்பதற்குள் நான் மூன்று படித்துவிடுவேன். நான் ஏதாவது சொல்லிவிட்டால் துரையம்மா கையைத் தட்டிக்கொண்டு, சரசரவென்று நீளமாக எதையோ பேசுவாள். என் வயசுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருக்காது. பெரிய மனுஷியிடம் வீட்டு விவகாரம் பேசுகிற மாதிரி இருக்கும். நான் நடுநடுவே ஆமாம் போடுகிற மாதிரி "சி, சி" என்பேன். அவளுக்கு அதுவே போதும்.

செய்தி லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுகின்றன! அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. துரை வெள்ளைக்காரர், துரையம்மா வெள்ளைக்காரி. வெள்ளைக்காரர் வாயில் வருவது இங்கிலீஷ். வேறு என்ன வரும்?

இருந்தாலும் ஆயாவுக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருந்தது. ஒரு நாள் பெரிய கிராணி கொட்டகைப் பக்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீஸ் கணக்கு, கடிதம் முழுக்க அவர் கையில்தான். எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே தமிழர். ஆயா என்னை முன்னால் தள்ளிப் பாடச் சொன்னாள். கிராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். தொண்டையைச் செருமினார்.

"என்னா ஐயா, சரியாப் பேசுறானா?" என்றாள் ஆயா.

"இது சும்மா இங்கிலீஷ் இல்லை. பெரிய இடத்து ஆக்கள் கதைக்கிற இங்கிலீஷ். உங்களுக்கு விளங்காது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். பத்து காஜாவில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைப்பது லேசு இல்லை. கொஞ்சம் இங்கிலீஷ் காதில் விழுந்த பிள்ளையாக இருந்தால் பெரிய வாத்தியார் சேர்த்துக்கொள்வார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "பால் வாளி என்னோட போவட்டும். ஒன் தோள்ல அது ஏறக் கூடாது" என்றார் அப்பா. அவர் தோளில் பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கட்டை அழுத்திய இடம் கன்றிக் கறுத்திருக்கும். அதில்தான் நான் முகத்தை வைத்துத் தூங்குவேன்.

பாஷையைப் பற்றி அப்பாவிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு சீன முதலாளியின் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கொங்சி என்று சொல்லும் நீளமான அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் எல்லோரும் ஒன்றாகத் தங்குவார்கள். அத்தனை பேரும் சீனர்கள், அவர் ஒருவர்தான் தமிழாள். அந்தக் கொங்சியில் ஒரு நாய் இருந்ததாம்.

"அதுகிட்டதான்டா நான் தமிழ் பேசுவேன். சாப்டியான்னு கேப்பேன். ஊர்ல மழ பேஞ்சிருக்குமான்னு கேப்பேன்."

"நாய் என்னாப்பா சொல்லும்?"

அப்பா தலையைத் தூக்கி, "லொள், லொள்!" என்பார். "பேஞ்சிருக்கும்ணே, கவலப்படாதீங்கன்னு அர்த்தம்."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தக் கதையைக் கேட்பேன். உலகத்திலேயே அதைவிட வேடிக்கையான கதை எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. எனக்கு எண்ணெய் வழிய வாரிவிட்டு, பஸ்ஸில் ஏற்றினார். வழி முழுக்க, "பயப்படாம பாடணும், என்னா?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய வாத்தியார் சீனர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா என் முதுகில் தட்டி, "பாடுடா" என்றார்.

பாடினேன். எண்களைப் பாடினேன், சேவலைப் போலக் கூவினேன், அவர் மேசைமேல் விரலால் தட்டி மழையையும் பெய்யவைத்தேன். பெரிய வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இன்னொரு வாத்தியாரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அப்பா கூரையை முட்டுகிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"இனி புக்கான் இங்கிலீஷ்" என்றார் பெரிய வாத்தியார் மலாயில். இது இங்கிலீஷ் இல்லை.

அப்பா அவருக்குத் தெரிந்த மலாயில், அப்படியானால் இது என்ன பாஷை என்று கேட்டார். இரண்டு வாத்தியார்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை. கவனியுங்கள், இரண்டு படித்த வாத்தியார்களுக்குத் தெரியாத பாஷையை நான் பாடிக்கொண்டிருந்தேன். ஆனால் இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா வீட்டுக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்து நேராக ஆபீசுக்குப் போனார். கிராணி தனியாக இருந்தார்.

"ஐயா, அது இங்கிலீஷ் இல்லையாமே."

கிராணி மைக்கூட்டின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "விளங்கேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார் மெதுவாக. "இந்தத் தோட்டத்திலை இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் நான் ஒராள்தானே."

"எம் புள்ளையோட எடம் போச்சுங்க ஐயா." அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "வாங்க. பங்களாவுக்குப் போயி அந்தம்மாவையே கேப்போம்."

மரம் வெட்டுகிறவன் துரை பங்களாவுக்குக் கேள்வி கேட்கப் போவதா? கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பங்களாவின் குசினி வாசலில் போய் நின்றோம். துரை இல்லை. துரையம்மா புல்வெளியில் நின்று, கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. கிராணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார். அவள் பதில் சொன்னாள். ஒரு சொல், நிறுத்தம், கையால் ஏதோ ஜாடை, இன்னொரு சொல். அப்பா மலாய் பேசுகிற மாதிரியே இருந்தது.

கிராணி திரும்பினார். "அது ஸ்பானிஷ் எண்டு சொல்லுறா. அவவின்ரை ஊர்ப் பாஷை. இங்கிலீஷ் அவவுக்கே சரியா வராதாம்."

"துரையோட எப்படிப் பேசுவாங்களாம்?"

கிராணி கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். "கொஞ்சம்தானாம்" என்றார் கிராணி.

"எங்க புள்ளைங்களுக்கு எதுக்கு அதச் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க." அப்பா வழி முழுக்கச் சுமந்து வந்த கேள்வி அது.

கிராணி அதையும் கேட்டார். துரையம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து முதல் தூற்றல் விழுந்தது. நாங்கள் குசினிக் கூரைக்குக் கீழே நின்றோம், அவள் வெளியே புல்லில் நின்றாள். விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். கையை ஆட்டி, உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

"யூவியா! யூவியா! வென் அ லா கசா!"

அவள் ஓடி வரவில்லை. அப்படியே நின்றாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாகக் கத்தினேன். மழை வலுத்தது.

"என்னடா சொன்னாய்?" என்று கிராணி அதட்டினார்.

"வீட்டுக்கு வரச் சொன்னேன்" என்றேன்.

அப்பா என் வாயைப் பொத்தவில்லை. கிராணியின் கையிலிருந்த குடையை வாங்கி, விரித்து, புல்வெளியில் நடந்து போய் அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். கும்பிட்டார். திரும்பி வந்து, "வாடா, போலாம்" என்றார். கேட்க வந்த கேள்விக்குப் பதில் வாங்காமலே நடந்தார்.

ரப்பர் மரங்களுக்குள் மழை இலைமேல் விழுந்து, பிறகு எங்கள்மேல் விழுந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்திருந்தார். எனக்கு உள்ளே பயம். இடம் போனதற்கு இப்போது அடி விழும், இனிமேல் கொட்டகையில் பாடக் கூடாது என்பார் என்று காத்திருந்தேன்.

வெகுதூரம் வந்த பிறகு, "நாளைக்கும் போயி அந்தம்மாகூட நல்லாப் பேசு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லு, என்னா?" என்றார்.

"சரிப்பா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "கொங்சி நாய் ஞாபகம் வந்துடுச்சுடா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குக் கோபமில்லை, வேடிக்கைக் கதை சொல்லப்போகிறார். "நாய் என்னாப்பா சொல்லும்?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அப்பா குரைக்காமல் நடந்தார். அவருடைய பங்கை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, தலையைத் தூக்கி நானே குரைத்தேன். லயம் வருகிறவரை, அந்த மழையில், அவர் தோளில் உட்கார்ந்து குரைத்துக்கொண்டே போனேன்.