டீச்சர் நீட்டிய போன்

தாயில்பட்டியில் எங்களுக்குக் கணினி சொல்லித்தந்த டீச்சர் ஒல்லியானவர். பேசும்போது சாக்பீஸை விரல்களில் உருட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள், அறையையே அடைத்துக்கொண்டிருந்த வால்வுக் கணினி, டிரான்சிஸ்டரும் சிப்பும் வந்தபின் கைக்குள் அடங்கும் போனாகச் சுருங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பட்டாசு ஆலைகள் பக்கம் பெருஞ்சத்தம் கேட்டு ஜன்னல் அதிர்ந்தது. என் அம்மா அங்கேதான் வேலைக்குப் போயிருந்தாள்.

“அம்மாவ உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக டீச்சர்,” என்றேன்.

நான் சொன்ன ஆலை வாசல் காவலாளியின் எண்ணுக்கு அவரே பேசிவிட்டுச் சொன்னார்: “வெடிச்சது அங்கன இல்லயாம். ஒங்கம்மா நல்லா இருக்காக.”

பிறகு வேறொரு பட்டாசுக் கம்பெனி எண்ணை அழுத்தி, போனை என்னிடம் நீட்டினார். “எங்க வீட்டுக்காரரு இருக்காரான்னு நீ கேளும்மா. எனக்குப் பயமா இருக்கு.” காதுகளைப் பொத்திக்கொண்டார்.

“இங்கனதான் நிக்காரு,” என்றது மறுமுனை.

நான் அதைச் சொல்லியும் டீச்சர் கையை எடுக்கவில்லை. எனக்காகப் பேசியபோது அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தாரோ, தெரியவில்லை.